இரண்டு துறைகள், ஒரு பாடம்: கல்லூரி ஆசிரியருக்கு மானியம் கேட்கும் வழி

புதிதாகக் கல்லூரிப் பணிக்கு வரும் ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "சார், எந்த ஸ்கீம்ல அப்ளை பண்ணலாம்?" நான் பதிலுக்கு, "எந்த வகுப்புக்கு?" என்று கேட்பேன். பெரும்பாலும் விடை வராது. புரொஜெக்டர் வேண்டும், ஸ்மார்ட் போர்டு வேண்டும், ஒரு கணினி ஆய்வகம் வேண்டும் என்பார்கள். அவை எல்லாமே தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மானியம் தருகிறவர் பார்ப்பது அந்தப் பணத்தால் வகுப்பறையில் என்ன மாறும் என்பதைத்தான். அதைச் சொல்ல முடியாத விண்ணப்பம் எத்தனை பக்கம் ஓடினாலும் நிற்காது.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில், குறிப்பாக அரசு உதவி பெறும் கல்லூரிகளில், இரண்டு மூன்று துறைகள் சேர்ந்து தொழில்நுட்பத்தோடு ஒரு பாடம் நடத்த விரும்பும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் கல்லூரிக்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 1: முதலில் வகுப்பை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். ஒரு பருவத்தில் பதினைந்து வாரம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் மாணவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "நடத்துவோம்", "விளக்குவோம்" என்று ஆசிரியரை வைத்து எழுதாதீர்கள். மாணவர் கையால் என்ன செய்வார், எதை அளப்பார், எங்கே போவார், எதை எழுதித் தருவார் என்று எழுதுங்கள்.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் எந்தக் கல்லூரியில் இருந்தாலும் நடந்துபோகும் தூரத்தில் ஒரு கண்மாய் இருக்கும். அந்த ஒரு கண்மாயை வைத்தே நான்கு துறைகள் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

வேதியியல் மாணவர்கள் கண்மாய் நீரையும் சுற்றியுள்ள கிணற்று நீரையும் எடுத்துவந்து அமில காரத்தன்மை, கரைந்த திடப்பொருள், நைட்ரேட், ஃபுளோரைடு பார்ப்பார்கள். கரைந்த ஆக்சிஜனை வின்க்ளர் முறையில் அளப்பது இளநிலை ஆய்வகத்திலேயே முடியும். மாங்கனீஸ் சல்பேட், கார அயோடைடு, கந்தக அமிலம், தயோசல்பேட், ஸ்டார்ச் இருந்தால் போதும். கிணற்று நீர் எண்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 உடன் ஒப்பிடச் சொல்லுங்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடுக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 1.5. தன் வீட்டுக் கிணற்று எண்ணை அந்த அட்டவணையில் வைத்துப் பார்க்கிற மாணவிக்கு வேதியியல் அன்றோடு புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

வரலாற்று மாணவர்கள் அரசு இணையச் சேவையில் கிடைக்கும் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, எந்தெந்தப் புல எண்கள் கண்மாய்ப் புறம்போக்கு என்று குறிப்பார்கள். பக்கத்தில் பழைய தூம்புக் கல்வெட்டு இருந்தால் அதுவும் சேரும், புதுக்கோட்டைப் பகுதியில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. தமிழ்த்துறை மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் மடை, கலுங்கு, வரத்துக்கால், நீர்பாய்ச்சி என்று கண்மாய்ச் சொற்களைக் குரலாகப் பதிவு செய்து, ஒருங்குறியில் ஒரு சிறு அகராதி செய்வார்கள். கணினி அறிவியல் மாணவர்கள் கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடம் போடுவார்கள். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் மீயொலி உணரியைப் பொருத்தி நீர்மட்டம் அளப்பார்கள். (உணரியில் நீர்புகா வகையை வாங்குங்கள். மலிவான சாதா வகை ஈரப்பதம் பட்டதும் போய்விடும்.)

இப்போது உங்கள் கையில் ஒரு பாடம் இருக்கிறது. என்ன கருவி வேண்டும், எத்தனை வேண்டும், எந்த வாரத்தில் வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளிலிருந்தே தெரியும். மானிய விண்ணப்பத்தின் முக்கால்வாசி இந்த ஒரு தாள்தான்.

படி 2: ஆட்கள், நேரம், ஒப்புதல்

பணம் கிடைத்தும் பாடம் நடக்காமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் வேதியியல், வரலாறு, தமிழ் போன்ற பழைய துறைகள் காலை ஷிஃப்ட். கணினி அறிவியல் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவு, பல இடங்களில் மதிய ஷிஃப்ட். ஒரே வளாகத்தில் இருந்தும் காலைப் பிள்ளைகளும் மதியப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஆசிரியர்களுக்கும் சம்பளம் வேறு, பணி நிபந்தனைகள் வேறு. "நாங்கள் சேர்ந்து நடத்துவோம்" என்று விண்ணப்பத்தில் எழுதுவது சுலபம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்று எழுதிப் பாருங்கள், அப்போதுதான் சிக்கல் தெரியும். இரண்டு ஷிஃப்ட்டும் சந்திக்கிற அந்த நண்பகல் ஒரு மணி நேரமும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமையும்தான் பல கல்லூரிகளில் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

அடுத்தது பணிச்சுமை. பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. இரண்டு பேர் ஒரே வகுப்பில் நின்றால் அந்த மணி யார் கணக்கில் சேரும்? முதல்வரிடம் முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுயநிதிப் பிரிவு ஆசிரியர் கூடுதலாக வேலை செய்கிறார் என்றால், அவருக்கு விடுப்பு ஈடோ மதிப்பூதியமோ உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அவருடைய உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டு நடத்தும் பாடம் இரண்டாம் ஆண்டு நடக்காது. நடக்கவும் கூடாது.

பாடத்திட்டத்தில் எங்கே நுழைப்பது? தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் வைத்து, கல்விக் குழுவில் ஒப்புதல் வாங்கி, முறையான விருப்பப் பாடமாகவே கொண்டுவரலாம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை. அங்கே மதிப்புக்கூட்டுப் பாடமாக, 30 மணி நேரத்துக்குக் குறையாமல், சான்றிதழோடு நடத்துங்கள். கல்லூரிகளைத் தரம் மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டிலும் அது கணக்கில் வரும் என்பதால் உள்தர உறுதிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் உங்களுக்கு ஆதரவாகவே இருப்பார். என்எம்இ எனப்படும் பிறதுறை விருப்பப் பாட மணியைப் பயன்படுத்த முடிந்தால் இன்னும் நல்லது, மாணவருக்கு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

சரி, இவ்வளவும் பேசி முடித்து, நான்கு துறைத்தலைவர்களும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: கல்லூரியின் காகிதங்கள்

உங்கள் யோசனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கல்லூரியின் அடிப்படைச் சான்றுகள் இல்லையென்றால் இணையப் படிவம் பாதியிலேயே நின்றுவிடும். அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போய் ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின் கீழான அங்கீகாரக் கடிதம், அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் ஐஷி குறியீட்டு எண், நடப்பு நாக் சான்று, இணைவுக் கடிதம், கல்லூரியின் பான் எண், கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. அறக்கட்டளையோ சங்கமோ நடத்தும் கல்லூரி என்றால் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளப் பதிவு எண்ணும் பல இடங்களில் கேட்பார்கள்.

2(எஃப்) இருந்து 12(பி) இல்லாத கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. 12(பி) இருந்தால்தான் மானியக் குழுவின் நிதியுதவிக்குத் தகுதி. கல்லூரியில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாமல் "இருக்கும்னு நினைக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். கடிதத்தைக் கண்ணால் பார்க்கும்வரை நம்பாதீர்கள்.

படி 4: எந்தக் கதவைத் தட்டுவது

சின்னதில் தொடங்குங்கள். முதல் விண்ணப்பத்திலேயே கோடி ரூபாய்த் திட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு ஆண்டு காத்திருந்து சோர்ந்துபோகிறார்கள். சின்ன மானியத்தை வாங்கி, ஒழுங்காகச் செலவழித்து, கணக்குக் கொடுத்த கல்லூரி என்ற பெயர் இருந்தால் பெரிய கதவு தானாகத் திறக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நிச்சயம் அது உங்கள் பக்கம் பேசும்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 1984 முதல் இயங்குகிறது. அதன் மாணவர் திட்டப்பணி உதவி சில ஆயிரம் ரூபாய்தான், ஆனால் ஆண்டுதோறும் வருகிறது. புதிய ஆசிரியருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. விண்ணப்பம், செலவு, அறிக்கை மூன்றையும் ஒரே ஆண்டில் பழகிவிடலாம். கண்மாய் நீரின் தரம் பற்றி உங்கள் இறுதியாண்டு மாணவர்கள் மூவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

தமிழ்த்துறையும் கணினித்துறையும் சேர்ந்து ஏதாவது செய்ய நினைத்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தைப் பாருங்கள். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது, சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கிறது. கல்லூரிகளில் கணித்தமிழ்ப் பேரவை என்ற அமைப்பைத் தொடங்கவைத்து, சிறு தொகையும் பயிற்சியும் தந்து ஊக்குவித்திருக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே பேரவை இருந்து, பெயர்ப்பலகையோடு தூங்கிக்கொண்டிருக்கலாம். விசாரித்துப் பாருங்கள். கண்மாய்ச் சொல்லகராதிக்கு அதுதான் பொருத்தமான வீடு.

ஊரோடு சேர்ந்த வேலைக்கு மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் இருக்கிறது. 2014-இல் தொடங்கிய திட்டம், கல்லூரி சில கிராமங்களைத் தத்தெடுத்து அவற்றின் தேவைகளைப் படிப்பது அதன் அடிப்படை. சமூக அறிவியல் பக்கம் பயிலரங்கமும் ஆய்வு முறையியல் பயிற்சியும் நடத்த இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் உதவுகிறது.

இனி பெரியவை. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டம் 2008-இல் தொடங்கியது. இளநிலை அறிவியல் கற்பித்தலுக்கென்றே இருக்கிற திட்டம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு. நம் நாட்டில் பெரும்பாலான அறிவியல் நிதி ஆராய்ச்சிக்குத்தான் போகிறது. பி.எஸ்சி. மாணவர் கையால் சோதனை செய்யவேண்டும் என்று நினைத்துப் பணம் தருகிற திட்டங்கள் மிகச் சில. இதற்குக் கல்லூரி தன் அறிவியல் துறைகள் பலவற்றைச் சேர்த்து ஒரே விண்ணப்பமாகத் தரவேண்டும், அதனால் படி 2-இல் நீங்கள் வாங்கிய கூட்டுத் தீர்மானம் இங்கே நேரடியாகப் பயன்படும். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஃபிஸ்ட் திட்டம் 2000-இல் வந்தது. முதுகலைத் துறைகளின் ஆய்வகக் கட்டமைப்புக்கு அது. ஆராய்ச்சி நோக்கம் மேலோங்கியது என்றால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இது உருவானது, அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமான பழைய செர்ப் அமைப்பு இதில்தான் இணைந்தது. மூத்த ஆசிரியர்கள் இன்னும் செர்ப் என்றே சொல்வார்கள், குழம்பவேண்டாம்.

பொறியியல் கல்லூரி என்றால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் ஐடியா லேப். முப்பரிமாண அச்சு இயந்திரம், லேசர் வெட்டி, மின்னணுப் பலகைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ், எந்தத் துறை மாணவரும் வந்து செய்து பார்க்கலாம் என்பது அதன் நோக்கம். கல்லூரியும் தன் பங்குப் பணத்தைப் போடவேண்டும். பழைய ஆய்வகத்தைப் புதுப்பிக்க மோட்ராப்ஸ், ஆசிரியர் பயிற்சிக்கு அடல் அகாடமி. 2024-25 முதல் பிசிஏ, பிபிஏ படிப்புகளும் ஏஐசிடிஇ ஒப்புதலுக்குள் வந்துவிட்டதால் கலை அறிவியல் கல்லூரிகளும் இப்போது அந்தத் தளத்தில் இருக்கின்றன. எந்தத் திட்டம் எந்த வகைக் கல்லூரிக்கு என்று அறிவிப்பின் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள்.

அரசு தவிர, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகரச் சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து ஆலை மேலாளரைப் பார்க்கப் போவது அதற்கப்புறம்.

அப்புறம், பணமே தேவைப்படாதவற்றுக்குப் பணம் கேட்காதீர்கள். கியூஜிஐஎஸ், ஜியோஜீப்ரா, ஆர், பைத்தான் எல்லாம் கட்டணமில்லா மென்பொருள்கள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூட்டோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் சோதனைகளை முன்கூட்டியே செய்து பழகலாம். செயற்கைக்கோள் படத்துக்கு இஸ்ரோவின் புவன் இருக்கிறது. "இவற்றையெல்லாம் ஏற்கெனவே பயன்படுத்துகிறோம், இனி வேண்டியது இது மட்டும்" என்று எழுதும் விண்ணப்பத்துக்கு மதிப்பீட்டாளர் மனதில் தனி இடம் உண்டு.

படி 5: விண்ணப்பமும் பட்ஜெட்டும்

எழுதுவதில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். "மாணவர்களின் அறிவியல் மனப்பான்மை மேம்படும்" என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். அதை எடுத்துவிட்டு, "இரண்டாமாண்டு மாணவர் 60 பேரும் பருவ முடிவில் ஒரு கிணற்று நீரை ஐந்து அளவுகளில் சோதித்து, வரைபடத்தில் குறித்து, ஊராட்சிக்குத் தமிழில் இரண்டு பக்க அறிக்கை தருவார்கள்" என்று எழுதுங்கள். எண்ணிப் பார்க்க முடிகிற வாக்கியம். பிறகு முன்னேற்ற அறிக்கை எழுதும்போது நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள்.

பட்ஜெட்டில் நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். முதல் மானியத்தில் வந்த பணம் முழுவதையும் கருவியில் போட்டேன். நல்ல பலஅளவு நீர்ச்சோதனைக் கருவி, பெட்டியோடு வந்தது, எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். அமிலத்தன்மை அளக்கும் மின்முனையை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்கவேண்டும், காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் கெட்டுவிடும். இது எனக்குத் தெரியும், ஆனால் ஆய்வக உதவியாளருக்கு யாரும் சொல்லவில்லை. கோடை விடுமுறை முடிந்து திறந்தபோது மின்முனை பாழாகியிருந்தது. புதிதாக ஒன்று வாங்க நுகர்பொருள் என்ற செலவுத் தலைப்பில் ஒரு ரூபாய்கூட நான் கேட்டிருக்கவில்லை. கருவித் தலைப்பிலிருந்து மாற்றவும் அனுமதி கிடைக்கவில்லை. இரண்டு பருவம் அந்தக் கருவி பீரோவுக்குள் இருந்தது, அந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகள் அதைத் தொடாமலே படித்து முடித்துப் போனார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதனால் இப்படிப் பிரியுங்கள். உதாரணத்துக்கு 3 லட்சம் ரூபாய் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவிக்கு 1,40,000, நுகர்பொருளுக்கு 70,000, களப்பயணத்துக்கு 40,000, பயிற்சியாளர் மதிப்பூதியத்துக்கு 30,000, சில்லறைச் செலவுக்கு 20,000. நுகர்பொருளில் வேதிப்பொருள், கண்ணாடிக் கலன், அமிலத்தன்மை அளவியைத் தரப்படுத்தும் தாங்கற் கரைசல்கள், மாற்று மின்முனை, உணரி, பேட்டரி எல்லாம் வரும். கருவித் தொகையில் ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெரும்பாலான ஆய்வகக் கருவிகளுக்கு 18 விழுக்காடு வரி, ஆகவே 1,40,000 என்றால் வரிக்கு முந்தைய விலை ஏறத்தாழ 1,18,600-தான். விற்பனையாளர் தொலைபேசியில் சொல்லும் விலை வரியில்லாத விலை. கொட்டேஷனை எழுத்தில் வாங்கி, வரி, சரக்குக் கட்டணம், நிறுவும் செலவு, உத்தரவாதக் காலம் நான்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

களப்பயணத் தொகையைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வேன் வாடகை இல்லாததால் கண்மாய்க்குப் போகாமல், தண்ணீரைக் கேனில் வரவழைத்துச் சோதித்த வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். மாணவிகள் அதிகம் உள்ள கல்லூரியில் மாலைக்குள் திரும்பும் வண்டி இல்லாமல் வீட்டில் அனுப்பமாட்டார்கள். அந்த வேன்தான் பாடம்.

படி 6: பணம் வந்த பிறகு

ஒப்புதல் கடிதம் வந்ததும் கொண்டாடிவிட்டு, அதன் நிபந்தனைகளை இரண்டு முறை படியுங்கள். எந்தத் தேதிக்குள் செலவழிக்கவேண்டும், எந்தத் தலைப்பில் எவ்வளவு, தலைப்பு மாற்ற யாரிடம் அனுமதி, வட்டியை என்ன செய்வது என்று எல்லாமே அதில்தான் இருக்கும்.

மத்திய அரசின் பல திட்டங்களில் பணம் இப்போது கல்லூரியின் வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு வருவதில்லை. திட்டத்துக்கென்று பூஜ்ய இருப்புத் துணைக் கணக்கு தொடங்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் எப்போதும் பணம் இருக்காது, நீங்கள் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட வரம்பு மட்டும் இருக்கும். பில் கொடுத்துப் பணம் அனுப்பும்போது அந்த அளவு மட்டும் மேலிருந்து இறங்கும். எல்லாம் பிஎஃப்எம்எஸ் என்ற பொது நிதி மேலாண்மைத் தளம் வழியாக நடக்கும். பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர். கல்லூரியின் நிதியைக் கவனிக்கும் பர்சரும் முதல்வரும் சேர்ந்து அமர்ந்துதான் இதை அமைக்கவேண்டும், வங்கிக் கிளையிலும் இதைத் தெரிந்த ஒருவரைத் தேடவேண்டியிருக்கும். இதற்கே ஒரு மாதம் ஆகலாம், வகுப்புத் தொடங்கும் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

வாங்கும்போது துறையில் மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு அமையுங்கள். ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு மூவரும் கையெழுத்திடுங்கள். குறைந்த விலையை விட்டு வேறொன்றை எடுத்தால் காரணத்தை அங்கேயே ஒரு வரி எழுதுங்கள். அரசின் ஜெம் தளத்தில் வாங்கவேண்டும் என்று நிபந்தனை இருந்தால் மீறாதீர்கள். பொருள் வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பில்லின் பின்புறம் பக்க எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதுங்கள். தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான். பில் கல்லூரி முதல்வர் பெயரில் இருக்கவேண்டும், உங்கள் பெயரில் வேண்டாம். அவசரத்துக்குக் கைப்பணம் போட்டு வாங்கிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அந்தப் பணம் திரும்ப வர மிகவும் கஷ்டப்படும்.

ஆண்டு முடிவு என்றால் மார்ச் 31. ஆண்டு இறுதியில் செலவின அறிக்கையும், யூசி எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழும் தரவேண்டும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 12-ஏ என்ற படிவம் இருக்கிறது, அந்த வடிவில் போகவேண்டும், பட்டயக் கணக்காளர் கையெழுத்தும் பல திட்டங்களில் கேட்பார்கள். செலவாகாத தொகையையும் வட்டியையும் திருப்பிச் செலுத்தச் சொன்னால் பாரத்கோஷ் தளத்தில் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். யூசி போகாவிட்டால் அடுத்த தவணை வராது. உங்களுக்கு மட்டுமல்ல, அதே கல்லூரியில் வேறு துறை அடுத்த ஆண்டு கேட்கும்போதும் அந்தப் பாக்கி முன்னால் வந்து நிற்கும். வேதியியல்காரர் தராத யூசியால் விலங்கியல்காரர் விண்ணப்பம் திரும்புவது உண்மையாகவே நடக்கிறது. பிப்ரவரி மாதமே ஆடிட்டரிடம் தேதி வாங்கிவிடுங்கள், மார்ச் கடைசியில் அவரைப் பிடிக்க முடியாது.

படி 7: முதல் பருவம் நடக்கும்போது

ஒரு தடித்த நோட்டை ஆய்வக மேசையில் கயிற்றால் கட்டி வையுங்கள். எந்தக் கருவியை யார், எந்தத் தேதியில் எடுத்தார், எப்போது தரப்படுத்தினார், எங்கே வைத்தார் என்று மாணவர்களே எழுதட்டும். அமிலத்தன்மை அளவிக்கு 4, 7, 10 தாங்கற் கரைசல்களில் தரப்படுத்திய எண்களும் அதிலேயே வரட்டும். மின்முனையை எந்தக் கரைசலில் வைக்கவேண்டும் என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி, பீரோக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஆய்வக உதவியாளரைப் பயிற்சியின் முதல் நாளே உட்காரவையுங்கள். கருவியோடு அதிக நேரம் இருக்கப்போகிறவர் அவர்தான்.

வாரம் ஒருமுறை நான்கு ஆசிரியர்களும் பதினைந்து நிமிடம் சந்தியுங்கள். தேநீர் நேரம் போதும். வேதியியல் மாணவர்கள் எடுத்த எண்கள் கணினி மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா, தமிழ் மாணவர்கள் பதிவு செய்த பெரியவர் சொன்ன பழைய மடை வரைபடத்தில் இருக்கிறதா என்று பேசுங்கள். இந்தச் சந்திப்பு நின்றுபோனால் நான்கு துறைகளும் மறுபடி நான்கு தனிப் பாடங்களை நடத்தத் தொடங்கிவிடும். மூன்றாம் வாரத்திலேயே அது நடக்கும்.

மாணவர் வேலைகளைத் தேதியோடு சேர்த்து வையுங்கள்: அளவீட்டுத் தாள், வரைபடம், குரல் பதிவு, ஊராட்சிக்குக் கொடுத்த அறிக்கையின் ஒப்புகை. பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யும்முன் அனுமதி கேட்டு, அதையும் பதிவு செய்யுங்கள். முன்னேற்ற அறிக்கைக்கு இவைதான் சான்று. விழா மேடைப் படங்களை யாரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒரு கோப்பு. அதில் ஒப்புதல் கடிதம், பிஎஃப்எம்எஸ் கணக்கை யார் இயக்குகிறார் என்ற விவரம், கருவிகளின் உத்தரவாத அட்டை, பழுதுபார்ப்பவரின் தொலைபேசி எண், படி 1-இல் நீங்கள் எழுதிய பதினைந்து வாரத் தாள், அதன் ஓரத்தில் எந்த வாரம் எது சரிவரவில்லை என்ற உங்கள் குறிப்பு. உதவி பெறும் கல்லூரியில் ஓய்வு பெறுவோர் இடம் ஆண்டுக்கணக்கில் காலியாக இருக்கிறது, சுயநிதிப் பிரிவில் நல்ல ஆசிரியர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் இல்லாத ஜூன் மாதத்தில் புதிதாக வரும் ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து, இரண்டாம் வாரமே பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போக முடியவேண்டும். அதற்கு எது எழுதப்பட வேண்டுமோ அதை இந்தப் பருவத்திலேயே எழுதி வையுங்கள்.